குளிர்காற்றில் இருக்கும் சூடு: ஒரு வகுப்புக் கேள்விக்குத் தாமதமான பதில்



பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இதில் வரலாறு இருக்கிறது, பத்தாம் வகுப்பு இயற்பியல் இருக்கிறது, கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் நான்கு வருடம் முன்னால் போனில் ஒரு யோசனை கேட்டாள். அவர்கள் வாங்கியிருப்பது நூறு வயது தாண்டிய செங்கல் வீடு. அடுக்களையில் ஒரு கேஸ் பாய்லர். அது தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் இருக்கும் இரும்புத் தகடுகளுக்கு அனுப்பும். ரேடியேட்டர் என்பார்கள். "அப்பா, இதோட சேத்து ஹீட் பம்ப் வைக்கலாம்னு மாப்பிள்ளை சொல்றார். வெளிக்காத்துலேர்ந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள்ள விடுமாம். நீங்கதான் சயின்ஸ் வாத்தியாராச்சே, சொல்லுங்க."

நான் சிரித்தேன். "வெளியில பனி கொட்டறது. அந்தக் காத்துல ஏதும்மா சூடு? யாரோ ஏமாத்தறான். இருக்கறதே போதும்" என்றேன். மகள் என் பேச்சைக் கேட்டாள். அதுதான் வினையாயிற்று.

2022-இல் உக்ரைன் போர் வந்தது, ஐரோப்பா முழுக்க கேஸ் விலை ஏறியது. அந்த டிசம்பரில் நானும் வீட்டம்மாவும் அங்கே போயிருந்தோம். பில்லுக்குப் பயந்து இரண்டு அறைகளுக்கு மட்டும் சூடு வைத்துக்கொண்டு, மற்ற அறைகளின் ரேடியேட்டர்களை மூடிவிட்டார்கள். மூடிய அறைச் சுவரில் ஈரம் கோத்து, கறுப்புப் பூஞ்சை பூத்தது. அதில் ஒன்று பேரன் படுக்கும் அறை. ராத்திரியெல்லாம் அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஆசிரியர் என்ற கௌரவத்தில் யோசிக்காமல் சொன்ன ஒரு பதில், அந்த இருமலில் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஊர் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு வீட்டைச் சூடாக்குவது என்றாலே விளங்காது. வருஷத்தில் பத்து மாதம் வீட்டை எப்படிக் குளிர வைப்பது என்பதே நம் கவலை. நடுவே முற்றம், உயரமான ஓட்டுக்கூரை, கனத்த சுவர், வாசலில் திண்ணை என்று நம் முன்னோர் அதற்கென்றே வீடு கட்டினார்கள். திருப்பாலைத்துறைக் கோயிலில் இருக்கும் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். 3000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். கரண்டும் மெஷினும் இல்லாமல், கட்டட அமைப்பாலேயே நெல்லை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காத்தது அது. நம் வீடுகளில் சூடு வேண்டியிருந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: மார்கழி காலையில் வெந்நீர். கொல்லைப்புறத்தில் செப்புத் தவலை, அடியில் தென்னை மட்டையும் பாளையும். ஊதி ஊதி என் அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். பிறகு நடுவில் கரி போடும் செப்புப் பாய்லர் வந்தது. எங்கள் வீட்டில் அது இன்னும் இருக்கிறது.

தவலையோ, பாய்லரோ, கேஸோ, எல்லாம் செய்வது ஒரே வேலை: எதையாவது எரித்துச் சூட்டை உண்டாக்குவது. ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. அது சூட்டை உண்டாக்குவதும் இல்லை, ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிறது. நம் வயலில் ஓடும் பம்ப்செட் தண்ணீரையா உற்பத்தி செய்கிறது? கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் மாடு கவலை இழுக்க வேண்டும், அல்லது மோட்டார் ஓட வேண்டும். சூடும் அப்படியே. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானாகப் போகும். எதிர்த்திசையில் அனுப்ப வேண்டுமானால் உழைப்பைச் செலவழிக்க வேண்டும்.

சரி, பனி கொட்டும் காற்றில் சூடு ஏது? இங்கேதான் நான் சறுக்கினேன். நம் தோலுக்குக் குளிர் என்பது வேறு, இயற்பியலில் சூடே இல்லை என்பது வேறு. சூடு முற்றிலும் அற்றுப்போகும் நிலை, பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியில் இருக்கிறது. நானே எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! அந்தக் கணக்கில் 5 டிகிரிக் காற்று என்பது 278 டிகிரி. கிணறு ஆழம் என்பதற்காகத் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியுமா?

இனி வரலாறு. இந்த யோசனையின் தொடக்கத்தில் நம்மைப் போன்ற வெப்ப நாடுகள் இருக்கின்றன என்பது எனக்கே புதுச் செய்தி.

1824-இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் ஆவி எஞ்சின்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சூடு மேலிருந்து கீழே இறங்கும்போதுதான் எஞ்சினுக்கு வேலை கிடைக்கிறது, நீர்வீழ்ச்சி சக்கரத்தைச் சுற்றுவது போல, என்பது அவர் கருத்து. 36 வயதில் காலராவில் இறந்துபோனார். அவருடைய நூல் வெளிவந்த அதே 1824-இல் பிறந்தவர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், வெப்பநிலை அலகுக்கே பெயர் கொடுத்தவர்.

அக்காலத்தில் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளராக இருந்தவர் பியாஸி ஸ்மித். இளமையில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வானாய்வகத்தில் வேலை பார்த்து வெயிலை அறிந்தவர். வெப்ப நாடுகளில் அறைகளைக் குளிர வைக்க 1850 வாக்கில் அவர் ஒரு வழி சொன்னார். காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். அந்தச் சூட்டை வெளியே ஆறவிட்டு, பிறகு காற்றை விரியவிட்டால் அது சில்லென்று குளிரும். அதை அறைக்குள் விடலாம் என்றார்.

இதைத் தலைகீழாகப் பார்த்தவர் தாம்சன். 1852 டிசம்பரில், 28 வயதில், கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசித்தார். கட்டடங்களைக் காற்றோட்டத்தின் மூலம் சூடாக்குவதிலும் குளிர வைப்பதிலும் உள்ள சிக்கனம் என்பது பொருள். முதலில் காற்றை விரியவிடு. அது வெளிக்காற்றைவிடக் குளிரும். அந்த நிலையில் வெளியிலிருக்கும் சூடு தானாக அதற்குள் ஏறும். பிறகு அழுத்து. வாங்கிக்கொண்ட சூட்டோடு அது வீட்டுக்குள் வரும். செலவழித்த உழைப்பைவிடப் பல மடங்கு சூடு கிடைக்கும் என்று கணக்கும் போட்டார். வெப்ப நாட்டு அறையைக் குளிர்விக்கப் பிறந்த யோசனை, குளிர் நாட்டு வீட்டைச் சூடாக்கும் யோசனையாகத் திரும்பியது இப்படித்தான். ஆனால் அன்றைய பிரிட்டனில் நிலக்கரி மலிவு. யாருக்கும் அவசரமில்லை.

அவசரம் இருந்தது உப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு. நம் வேதாரண்யத்தில் பாத்தி கட்டிவிட்டால் மீதியைச் சூரியன் பார்த்துக்கொள்கிறது. ஆஸ்திரியாவில் அந்த வசதி இல்லை. உப்பு நீரைக் காய்ச்ச அடுப்பெரிக்க வேண்டும். காடு காடாக விறகு போயிற்று. பீட்டர் ரிட்டிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர் ஒன்றைக் கவனித்தார். கொதிக்கும் உப்பு நீரிலிருந்து ஆவியாகப் பறந்துபோவதில்தானே நாம் கொடுத்த சூடெல்லாம் இருக்கிறது? அந்த ஆவியைப் பிடித்து அழுத்தினால் இன்னும் சூடாகும், அதைக் கொண்டே மறுபடி உப்பு நீரைக் காய்ச்சலாமே! 1850களின் நடுவில் எபென்ஸே என்ற ஊரின் உப்பு ஆலையில் நீர்ச்சக்கரத்தின் விசையால் அதைச் செய்துபார்த்தார். முழு வெற்றி கிடைக்கவில்லை. ஆனாலும் நடைமுறையில் ஓடிய முதல் ஹீட் பம்ப் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 1877-இல், சுவிட்சர்லாந்தின் பே என்ற ஊர் உப்பு ஆலையில் அதே தத்துவம் நன்றாக வேலை செய்தது.

இதே காலத்தில் நம் சென்னையில் என்ன நடந்தது? கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பைச் சுற்றுலா கூட்டிப்போனபோது அதன் வாசலில் நின்று நான் சொன்ன கதை சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அது 1842 வாக்கில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் போஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. 1833-இல் முதல் சரக்கு கல்கத்தாவில் இறங்கியது. பிறகு சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்தது. மாசக்கணக்கில் கடலில் வந்த பனிக்கட்டி, வெள்ளைக்கார துரைமார் குடிக்கும் பானத்தில் மிதந்தது. 1870களில் ஆவி எஞ்சினால் ஐஸ் செய்யும் இயந்திரம் இந்தியாவுக்கே வந்துவிட்டது. இயந்திர ஐஸ் மலிவு, டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறி, பிலிகிரி ஐயங்காரிடம் வந்து, 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார்.

டியூடரை வீழ்த்திய அந்த ஐஸ் இயந்திரம் என்ன செய்தது? தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளியது. அதுவும் ஒரு ஹீட் பம்ப்தான்! உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் ஏசியும் அதே குடும்பம். நாம் குளிர்ந்த பக்கத்தை வைத்துக்கொண்டு சூடான பக்கத்தை வீசி எறிகிறோம். ஐரோப்பியன் சூடான பக்கத்தை வைத்துக்கொள்கிறான். பெயர்தான் வேறு.

இப்போது நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும் இடம்: சூரிச் நகரம். இதைப் படிக்கும் நம் ஈழத்து உறவுகள் சிலர் அந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். லிம்மாத் ஆற்றங்கரையில், ஆற்றின் மேலேயே தூக்கிக் கட்டினாற்போல் நிற்கும் ராட்ஹவுஸ் என்ற மன்றக் கட்டடத்தைத் தினமும் கடந்து போவீர்கள். 1698-இல் கட்டி முடித்தது. தஞ்சையில் ஷாஜி மன்னர் ஆண்ட காலம். இருநூறு வருடங்களுக்கு மேலாக அதைச் சூடாக்கியது விறகு அடுப்பு. 1938-இல் அங்கே ஒரு ஹீட் பம்ப் வைத்தார்கள். 100 கிலோவாட் சூடு கொடுக்கக்கூடியது. சூட்டை எங்கிருந்து எடுத்தார்கள்? கீழே ஓடும் ஆற்றிலிருந்து. குளிர்காலத்தில் கைவைத்தால் விரல் விறைக்கும் அந்தத் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து, 60 டிகிரி வெந்நீராகக் கட்டடத்துக்குள் ஓடவிட்டார்கள்.

ஏன் சுவிட்சர்லாந்தில் இதைச் செய்தார்கள்? அங்கே சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி இல்லை, வெளியிலிருந்து வர வேண்டும். ஆனால் மலையருவி மின்சாரம் தாராளம். அடுத்த வருடமே உலகப்போர் தொடங்கி நிலக்கரி வரத்துக் குறைந்தபோது, இந்த முன்யோசனையின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தப் பழைய கட்டடத்தில் அவர்கள் எடுத்த அக்கறையைக் கவனியுங்கள். கூட்டம் நடக்கும் இடம் என்பதால் சத்தமும் அதிர்வும் குறைந்த சுழல்வகைக் கம்ப்ரெஸரைத் தேர்ந்தெடுத்தார்கள். மிகக் கடுமையான குளிர் நாட்களுக்காக இயந்திரத்தைப் பெரிதாக்கவில்லை. அந்த நாட்களில் கைகொடுக்கக் கூடவே ஒரு மின் சூடேற்றியை வைத்தார்கள். 2001-இல் புது இயந்திரம் மாற்றும் வரை, 63 வருடங்கள் அது உழைத்தது. அதிலிருந்த ஆர்-12 என்ற வாயு மட்டும் பின்னாளில் வில்லனாயிற்று. அந்த இன வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இருவர் எச்சரித்தார்கள். 1987-இல் மான்ட்ரியால் ஒப்பந்தம் வந்து அவை படிப்படியாக விலக்கப்பட்டன. இன்றைய புது ஹீட் பம்ப்கள் பலவற்றில் இருப்பது புரோப்பேன், நம் அடுப்பு சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வரும் அதே புரோப்பேன். அது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்குப் பனிக்காற்றும் அடுப்புதான்!

சூரிச்சுக்கு எதிர்மாறான பாடம் லண்டனில். 1951-இல் தேம்ஸ் கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசை அரங்கம் கட்டினார்கள். அதற்கும் ஆற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீட் பம்ப். போர் விமானத்தின் மெர்லின் எஞ்சினை மாற்றியமைத்து அதில் பயன்படுத்தினார்கள். தேவைக்கு மிஞ்சிய பெரிய இயந்திரம் என்பதால் கட்டுப்படியாகாமல் சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். அரை ஏக்கர் கொல்லைக்கு 10 குதிரைத்திறன் மோட்டார் வைத்தாற்போல.

பிறகு 1965-இல் பிரிட்டன் வட கடலில் இயற்கை எரிவாயு கண்டது. 1967 முதல் பத்து வருடத்தில் கேஸ் இணைப்பு இருந்த வீடுகளின் அடுப்புகளை அதற்கேற்ப மாற்றினார்கள். அதன் பிறகு அங்கே ஹீட் பம்ப் பேச்சே எழவில்லை. அதைவிடக் குளிரான நார்வேயில் இன்று பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் ஓடுகிறது. ஆக, குளிர் காரணமில்லை. எந்த நாட்டுக்கு எந்த எரிபொருள் கைக்கு எட்டியதோ, அதைப் பொறுத்தே பழக்கம் அமைந்தது.

இவ்வளவு படித்த பிறகும் மகள் வீட்டுக்கு என்ன சொல்வதென்று தெளிவில்லை. அங்கே ஒரு நிறுவனத்தார் வந்து, பாய்லர், குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று மலைக்கும்படி ஒரு தொகை சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, பழைய வீட்டில் ஹீட் பம்ப் எடுபடாது என்றார். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் தவித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் அவனைச் சந்தித்தேன். ஐம்பது வயது ஆகிவிட்டவனை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், விரல் 'அவன்' என்றே தட்டுகிறது. 1989 வாக்கில் என் பத்தாம் வகுப்பு மாணவன். கைகழுவும் இடத்தில் வந்து நின்று, "சார், என்னைத் தெரியுதா? ஃபிரிட்ஜ் கேள்வி கேட்டேனே" என்றான்.

தெரியாமல் என்ன! வருடா வருடம் நான் வகுப்பில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மூடிய அறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? எல்லோரும் குளிரும் என்பார்கள். இல்லை, பின்பக்கம் அதைவிட அதிகச் சூடு வருவதால் அறை சூடாகும் என்று நான் விளக்குவேன். அந்த வருடம் இவன் எழுந்து, "சார், அப்போ பின்னாடி வர்ற சூட்டை வெச்சு வெந்நீர் போடலாமா?" என்று கேட்டான். பாடத்தில் இல்லாத கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. "அதிகப்பிரசங்கி, உக்காரு. உங்கம்மாவை ஃபிரிட்ஜ் மேல தவலையை வைக்கச் சொல்லு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அவன் ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்து வளைகுடாவுக்குப் போய், பத்து வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்திருக்கிறான். "ஏசியிலேர்ந்து வெளிய போற சூட்டைப் புடிச்சு குளிக்கிற வெந்நீர் போடற பிளாண்ட்டு சார். அதைத்தான் பாத்துக்கிட்டேன்" என்றான். சொல்லிக் காட்டும் தொனியே இல்லை. சந்தோஷமாகச் சொன்னான். எனக்குத்தான் பந்தியில் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே போனில் அவளோடு பேசினான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன், வெளிநாட்டில் பழைய வீடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் மெஷினைப் பார்க்காதே, வீட்டைப் பார் என்றான். மேல் பரண் வழியாகவும் கதவு ஜன்னல் சந்துகள் வழியாகவும் சூடு ஓடிக்கொண்டிருந்தால் எந்த இயந்திரமும் தோற்கும். வரப்பில் நண்டு வளை இருக்கும்போது மோட்டாரைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டாவது, ஏற்றும் உயரத்தைக் குறை. நம் பம்ப்செட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் கீழே போகப் போக மோட்டார் திணறும், கரண்ட் அதிகம் இழுக்கும். வெளியே 5 டிகிரி இருக்கும்போது ரேடியேட்டருக்கு 70 டிகிரித் தண்ணீர் கேட்டால் 65 டிகிரி ஏற்ற வேண்டும். 35 டிகிரி போதுமென்றால் 30 தான். கார்னோ கணக்குப்படி முதலாவதில் ஒரு யூனிட் உழைப்புக்கு அதிகபட்சம் ஐந்து யூனிட் சொச்சம் சூடு, இரண்டாவதில் பத்து யூனிட். நிஜ இயந்திரம் இதில் பாதியோ அதற்கும் குறைவோதான் தரும், ஆனால் விகிதம் புரிகிறதல்லவா? தண்ணீரின் சூட்டைக் குறைத்தால் அறைக்குப் போதுமான சூடு தர ரேடியேட்டரின் பரப்பு அதிகம் வேண்டும்.

மூன்றாவது, காசு செலவில்லாத ஒரு சோதனை. இருக்கிற கேஸ் பாய்லரிலேயே தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்கு இறக்கி வைத்து, குளிர் நாட்களில் எந்த அறை தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று குறித்துக்கொள் என்றான். வைத்தார்கள். பின்பக்க அறைகள் இரண்டு மட்டுமே தாங்கவில்லை. அந்த இரண்டு ரேடியேட்டரை மட்டும் பெரிதாக மாற்றினால் போதும் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவதாக, பாய்லரைக் கழற்ற வேண்டுமா என்று மகள் கேட்டாள். "அக்கா, உங்க ஊர்ல ஆத்துத் தண்ணி வந்தா ஆறு, வராதப்ப ஃபில்டர் பாயிண்ட். ரெண்டும் இருந்தா குறுவை தப்பிச்சுது, அதான்" என்றான். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று வானத்தைப் பார்க்கும் ஊர்க்காரனுக்குத்தான் இந்த உவமை வரும்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் பாய்லரை அகற்றி ஹீட் பம்ப் வைப்பவர்களுக்கு அரசு 7500 பவுண்டு உதவி தருகிறது. பழைய பாய்லரையும் வைத்துக்கொண்டால் அது கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் அதை யோசித்தார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் முதல் குளிர்காலத்தைப் பயமில்லாமல் கழிக்க வேண்டும் என்று, உதவித்தொகையை விட்டுவிட்டு இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். வேறு வீட்டுக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். 2024 இலையுதிர் காலத்தில் பரணுக்குக் கம்பளி போலத் தடுப்பு விரித்து, சந்துகளை அடைத்து, இரண்டு ரேடியேட்டரை மாற்றி, கொல்லையில் ஏசி வெளிப்பெட்டி போன்ற அந்தப் பெட்டியை வைத்தார்கள். பழைய குழாய்கள் அப்படியே இருந்தன.

அந்தக் குளிர்காலத்தில் கேஸ் பாய்லர் ஓடியது விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். பணம் கொட்டவில்லை. அங்கே ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை, அதனால் ஹீட் பம்ப் மூன்று நாலு மடங்கு சூடு தந்தாலும் செலவு முன்பிருந்ததற்குச் சற்றேறக்குறைய சமமாகவே வந்தது. ஆனால் அதே செலவில் இப்போது எல்லா அறையும் மிதமான சூட்டோடு இருக்கிறது. பேரன் அறைச் சுவர் காய்ந்து, வெள்ளை அடித்துவிட்டார்கள். ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. இருமலுக்கு மருந்தும் காரணமாக இருக்கலாம், முழுப் பெருமையையும் பெட்டிக்குக் கொடுக்க மாட்டேன்.

போன வாரம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். கொல்லையில் இருக்கும் செப்புப் பாய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கும் ஒண்ணு மாட்டிரலாம். நம்மூர் காத்து எப்பவும் இருபது டிகிரிக்கு மேல. ஏத்தற உயரம் கொஞ்சம்தான், மெஷின் தூங்கிக்கிட்டே வேலை செய்யும்" என்றான். வீட்டம்மா உடனே சரி என்றுவிட்டார். செப்புப் பாய்லரும் இருக்கட்டும், கரண்ட் போனால் வேண்டும் என்று நிபந்தனையும் போட்டிருக்கிறார். விஷயம் அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

இந்தப் பதிவை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான். ஆகவே பெயரில்லாமல், அன்று சிரித்த வகுப்பு முழுவதும் கேட்கும்படி இங்கே சொல்கிறேன். தம்பி, 1989-இல் நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. 28 வயதில் கெல்வின் கேட்டதை நீ 15 வயதில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. 'தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

உங்களில் இன்று ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும், பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். பாடத்தில் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால், சிரிக்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் வகுப்பில் நீங்கள் கேட்டு நான் உட்காரச் சொன்ன கேள்வி வேறு ஏதாவது இருந்தால், கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்,
பாபநாசம்.